எங்கள் கட்டிங் மாஸ்டரும் அவர் பூசிய களிம்பும்

தையல்கடை முதலாளிகள் சங்கத்து ஆண்டு மலருக்கு என்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்ததுதானே. பட்டன் தைக்க இந்தத் தெருவுக்குள் வந்தவன், இன்றைக்கு இதே தெருவில் மூன்று மாடிக் கட்டிடத்துக்குச் சொந்தக்காரன். படிப்பு மூன்றாம் வகுப்பு. மூன்று வகுப்புக்கு மூன்று மாடி என்றால் பத்து வகுப்பு படித்திருந்தால் எத்தனை மாடி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆகவே இந்தத் தடவை என் பெருமையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு என் கடைக் கட்டிங் மாஸ்டரைப் பற்றி எழுதுகிறேன். அவரைத் தேடிப் பிடித்தவனும் நான்தான் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வேறொரு பெரிய கடையில் அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு நானே போய்ப் பார்த்தேன். நல்ல உயரம், ஒல்லி. வெயில் கொளுத்துகிற நாளில் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டுப் பட்டனையும் மாட்டியிருந்தார். ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டேன். பட்டனைக் கழற்றிச் சட்டைக் கையை மேலே சுருட்டினார். முழங்கையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புத் திட்டு. அதன் மேல் வெள்ளி ரேக்கு ஒட்டினாற்போலச் செதில்.

"சொரியாசிஸ்னு பேரு. யாருக்கும் ஒட்டாது. ஆனா செதில் கொட்டும். கறுப்புத் துணியில விழுந்தா தெரியும். ஒரு கஸ்டமர் பாத்துட்டார்," என்றார்.

"என் கடையில சாக்பீஸ் தூளும்தான் விழுது. ரெண்டையும் ஒரே பிரஷ்ல தட்டிவிட்டாப் போச்சு. கிளம்புங்க," என்றேன்.

அப்படிச் சொல்ல ஒரு நெஞ்சு வேண்டும். எனக்கு இருந்தது.

வேலையில் அவர் சூரன். வாசற்படி ஏறுகிற ஆளைப் பார்த்தே, "இடது தோள் அரை இஞ்ச் எறக்கம்" என்பார். டேப்பைப் போட்டுப் பார்த்தால் அரை இஞ்ச்தான் இருக்கும். அவருக்கென்று ஒரு சட்டம் உண்டு. மற்ற கடைகளில் தையலுக்கு உள்ளே எவ்வளவு துணி விடுவார்களோ அதைவிடத் தாராளமாக விடுவார். துணி வீணாகிறதே என்று ஆரம்பத்தில் ஒருநாள் கேட்டேன்.

"கூட இருந்தா பிடிச்சுக்கலாம் மொதலாளி. குறைஞ்சு போனா எங்க போய் வாங்குறது?" என்றார்.

கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் பத்து வருஷம் கழித்துத் தொப்பையோடு கொண்டுவந்து பிரித்துத் தைத்துக்கொண்டு போகிற ஆட்கள் என் கடைக்கு மட்டும் வருவதற்குக் காரணம் அந்தச் சட்டம்தான். அதை அவர் எல்லாவற்றுக்கும் வைத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

என் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் அவருக்கு ஓர் அறை கொடுத்திருந்தேன். ஒரு இரும்புக் கட்டில், ஒரு நாற்காலி, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்த ஒரு ஜன்னல். மனைவி காலமாகி வெகுநாள். ஒரே மகள் வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். காலையில் கீழே இறங்குவார், சாயங்காலம் மேலே ஏறுவார், அவ்வளவுதான் அவருடைய உலகம். டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவனுக்குத் திடீரென்று அவசர வேலை வந்துவிடும். அதனால் அவர் நின்றுகொண்டே குடித்துப் பழகினார். முடிவெட்டுகிறவர் இவரைக் கண்டால் கதவைப் பாதி சாத்துகிறார் என்று தன் தலையைத் தானே கத்தரித்துக்கொள்வார். துணி வெட்டுகிற கத்தரியில் இல்லை. அதற்கு நான் விட்டிருக்க மாட்டேன்.

பண்டிகை நாளில் கடை பூட்டியிருக்கும்போது நான் மாடிக்குப் போனால் ஜன்னலோரம் உட்கார்ந்து தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். "என்ன மாஸ்டர், தூங்கலையா?" என்றால், "தூங்கி எழுந்தாச்சு மொதலாளி. மறுபடி தூங்குறதுக்கு இன்னும் நேரம் இருக்கு" என்பார். அளவு எடுக்கும்போதுதான் அவர் இன்னொரு மனுஷரைத் தொட்டார் என்று நினைக்கிறேன். மற்றபடி அவர் கை துணியோடு சரி.

தோலுக்கு வைத்தியம் பார்க்காமல் இல்லை. எப்போதோ ஒரு டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்து, திட்டு இருக்கிற இடத்தில் மட்டும் மெல்லிசாகத் தடவு, இரண்டு வாரம் கழித்து வந்து காட்டு என்று சொல்லியிருக்கிறார். தடவினார், அடங்கியது. அடங்கிய பிறகு எதற்கு டாக்டர் என்று காலிக் குழாயை மருந்துக்கடையில் நீட்டி அதே களிம்பை வாங்கிக்கொள்ள ஆரம்பித்தார். கூடினால் தடவுவார், குறைந்தால் விடுவார். அதில் ஸ்டீராய்டு இருக்கிறது, அதுவும் வீரியமான ரகம் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நானும் மூன்றாம் வகுப்பு, அவரும் ஏறத்தாழ அதே வகுப்பு.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மகளுக்குக் குழந்தை பிறந்தது. பல வருஷம் ஏங்கிப் பிறந்த பெண் குழந்தை. மாஸ்டர் போய்ப் பார்த்துவிட்டு மறுநாளே திரும்பி வந்துவிட்டார். மேஜையில் துணியை விரித்துக்கொண்டு வெட்டாமல் நின்றார். எங்கள் கடையில் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற அம்மா ஒருத்தி உண்டு, ஊசியைவிட நாக்கு கூர்மை.

"என்ன அண்ணே, பேத்தி யாரு ஜாடை?" என்று கேட்டாள்.

"தொட்டில்ல பாத்தேன். துணி போத்தியிருந்தாங்க."

"தூக்கலையா?"

"சம்பந்தியம்மா, கை சரியாகட்டும், அப்பறம் தூக்கிக்கலாம்னாங்க. பச்சப் புள்ள பாரு."

"உங்க பொண்ணு வாயத் தொறக்கலையா?"

"அவ என்ன பண்ணுவா, அவங்க வீட்டுல இருக்கா," என்று சொல்லிவிட்டுக் கத்தரியை எடுத்தார்.

குழந்தைக்குத் தலை நின்று, உட்காரப் பழகியதும் இந்த ஊரில் அவர்கள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வருவதாகவும், அப்போது கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவதாகவும் மகள் போனில் சொன்னாள். அதற்குள் கை சுத்தமாகிவிட வேண்டும், பேத்தியைத் தூக்கிவிட வேண்டும். மனுஷருக்கு அன்றிலிருந்து வேறு நினைப்பு இல்லை.

இங்கேதான் அவருடைய சட்டம் வேலை செய்தது. மெல்லிசாகப் பூசினாலே அடங்குகிற களிம்பைத் தடிமனாகப் பூசினால் இன்னும் சீக்கிரம் அடங்கும் அல்லவா. கூட இருந்தால் குற்றமில்லை. திட்டு இருந்த முழங்கையோடு நிறுத்தாமல், இனி வரக்கூடாது என்று தோள்வரைக்கும் மணிக்கட்டுவரைக்கும் பூசினார். புருவத்து ஓரம் லேசாகச் சிவந்திருந்தது, அங்கேயும் பூசினார். அதோடு விட்டாரா. தைத்து முடித்த கோட்டை மாட்டித் தருகிற பிளாஸ்டிக் உறை இருக்கிறதே, அதைக் கைக்கு அளவாக வெட்டி, களிம்புக்கு மேலே சுற்றி, துணி ஓரத்துக் கிழிசலால் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். மருந்து காற்றில் போகாதாம், உள்ளே இறங்குமாம். கட்டிங் மாஸ்டர் அல்லவா, உறை சரியாகத்தான் பொருந்தியிருக்கும்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், கொஞ்ச நாளில் திட்டெல்லாம் மறைந்துவிட்டது. மனுஷர் அரைக்கைச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். அவரை நான் அரைக்கையில் பார்த்தது அதுதான் முதல் தடவை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து குடித்தார்.

"மாஸ்டருக்கு மாப்பிள்ளைக் களை வந்துடுச்சு. பொண்ணு பாக்கவா?" என்றாள் காஜாக்காரம்மா.

"பொண்ணு ஏற்கெனவே பொறந்தாச்சு. வந்துக்கிட்டே இருக்கா," என்றார். அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது குறைவு.

ஆனால் எனக்குக் கண் உண்டு. கண்ணை வைத்துத்தானே மாடி கட்டினேன். அவர் முன்கையில் தோல் வெங்காயச் சருகு மாதிரி மினுங்கியது. உள்ளே ஓடுகிற நரம்பு வெளியே தெரிந்தது. மேஜை விளிம்பில் லேசாக இடித்தால்கூடக் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போனது. குண்டூசி கீறிய இடம் ஆறாமல் அப்படியே இருந்தது. முகத்தில் கன்னமும் புருவமும் எப்போதும் சிவந்து, மெல்லிய சிவப்பு இழைகள் ஓடின.

"மாஸ்டர், இது குணமான தோல் மாதிரி தெரியலையே. துவைச்சுத் துவைச்சு நஞ்சுபோன வாயில் சேலை மாதிரி இருக்கு," என்றேன்.

"செதில் இல்லையே மொதலாளி," என்றார்.

அடுத்த தடவை அவர் மருந்துக்கடைக்குப் போனபோது அங்கே புதிதாக வேலைக்கு வந்தவர் இவர் கையையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது ஸ்டீராய்டு ஐயா. இவ்வளவு நாள் போடக்கூடாது. டாக்டரைப் பாருங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். நல்லதைத்தான் சொன்னார். ஆனால் மாஸ்டர் அதில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார். டாக்டரைப் பார்க்கவில்லை. பயந்துபோய் மீதி இருந்த குழாய்களை எல்லாம் குப்பையில் போட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்திவிட்டார்.

அப்புறம் வந்ததே வினை. அடங்கியது எல்லாம் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. முழங்கையில் மட்டும் இருந்தது கை முழுக்க, முதுகு, கால் என்று பரவியது. முகம் நெருப்பாய் எரிந்தது. விரல் இடுக்கில் வெடித்து, கத்தரியின் வளையத்துக்குள் கட்டைவிரலை நுழைக்க முடியாமல் துணி சுற்றிக்கொண்டு வெட்டினார். முழுக்கைச் சட்டை திரும்பவும் வந்தது. பிறகு ஒருநாள் கீழேயே இறங்கவில்லை.

நான் மாடி ஏறிப் போனேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். விரிப்பு முழுக்கச் செதில்.

"பொண்ணு வர இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. வர வேணாம்னு சொல்லிடலாமானு பாக்குறேன்," என்றார் திரும்பாமலே.

"என்னன்னு சொல்வீங்க?"

"வெளியூர் போறேன்னு."

"எந்த ஊருக்குப் போறீங்க? யாரைத் தெரியும் உங்களுக்கு?"

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவேண்டாம், ஆனால் அது உண்மை. அவருக்குப் போக ஓர் ஊர் இல்லை. நான் சட்டையை எடுத்து அவர் மேல் போட்டேன். "எழுந்திரிங்க. என் வண்டி கீழ நிக்குது," என்றேன். இந்தத் தெருவில் முதலில் கார் வாங்கியவனும் நான்தான், அது இப்படி நல்ல காரியத்துக்கும் பயன்பட்டது.

தோல் டாக்டரம்மாவுக்கு என் மகள் வயது இருக்கும். கையைத் தொட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழங்கை மடிப்பில் இளஞ்சிவப்பாக ஓடிய கோடுகளை விரலால் தடவினார். உறை சுற்றிய கதையைக் கேட்டுவிட்டு, "ஐயா, தினம் எவ்வளவு போட்டீங்க, பிதுக்கிக் காட்டுங்க," என்று மேஜையில் இருந்த ஒரு குழாயைக் கொடுத்தார். மாஸ்டர் பிதுக்கினார். பல் விளக்குகிற பேஸ்டைக்கூட யாரும் அப்படிப் பிதுக்கமாட்டார்கள்.

"ஏன் இவ்வளவு?"

"கூட இருந்தா பிடிச்சுக்கலாம்னு…" என்று இழுத்தார்.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"கட்டிங் மாஸ்டர்ம்மா," என்றேன் நான். "ஊர்லயே நம்பர் ஒன்."

டாக்டரம்மா சிரித்தார். "துணியில அப்படித்தான் இருக்கணும். தோல்ல தலைகீழ். இது கூடிப்போனா தோலு மெலிஞ்சு போகும். மெலிஞ்சதுல பாதி திரும்பும். இந்தக் கோடு விழுந்திருக்கே, இது போகாது. மங்கும், அவ்வளவுதான். மேல உறை வேற போட்டிருக்கீங்க. நாங்க சொன்னாலொழிய மூடிக் கட்டவே கூடாது. மருந்து பல மடங்கு உள்ள எறங்கிடும்."

"அப்ப இந்தக் கருமத்தத் தொடவே வேணாமா?" என்று நான் கேட்டேன்.

"அதுவும் தப்பு. பயந்து ஒரே நாள்ல விட்டதாலதான் இப்படிப் பொங்கி வந்திருக்கு. மருந்து மேல குத்தம் இல்ல. எங்க, எவ்வளவு, எத்தனை நாள், அதுலதான் இருக்கு."

ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். உள்ளே ஒன்றும் கெடவில்லை என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கே அளவும் சொல்லிக்கொடுத்தார். மாஸ்டரின் ஆள்காட்டி விரலை நீட்டச் சொல்லி, நுனியிலிருந்து முதல் ரேகை வரைக்கும் ஒரு கோடு களிம்பு பிதுக்கினார். இவ்வளவு களிம்பு, விரலோடு சேர்த்த இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதுமாம். திட்டு எத்தனை உள்ளங்கை என்று பார்த்து அதற்குத் தக்கபடி. தோல் கெட்டியான முழங்கைக்கு ஒரு மருந்து, முகத்துக்கும் மடிப்புக்கும் வீரியம் குறைந்த வேறு மருந்து, ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றக்கூடாது. நல்ல தோலில் பூசக்கூடாது. முதலில் தினம் ஒரு வேளை, அடங்க அடங்க டாக்டரம்மா சொல்கிறபோது ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் வாரத்தில் இரண்டு நாள் என்று படிப்படியாக இறக்க வேண்டும். வெறும் ஈரப்பசைக் களிம்பை மட்டும் இஷ்டத்துக்குப் பூசிக்கொள்ளலாம். காலிக் குழாயை நீட்டி வாங்குகிற வேலை இனி கிடையாது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட மாஸ்டர் எழுந்திருக்கவில்லை.

"பேத்தி வருது. மூணு வாரத்துல சரியாகுமாம்மா?"

"ஆகாது ஐயா. குறையும். சரியாக மாசக்கணக்குல ஆகும்."

அவர் தலை தொங்கிப்போனது. டாக்டரம்மா புரியாமல் என்னைப் பார்த்தார். நான் சம்பந்தியம்மா சொன்னதைச் சொன்னேன்.

"இதுக்கு எதுக்குச் சரியாகணும்? இது ஒட்டுற வியாதி இல்லையே. தாராளமாத் தூக்குங்க. மருந்த ராத்திரி போடுங்க, போட்டதும் கையக் கழுவுங்க. பூசின எடம் குழந்தை மேல படக்கூடாது, மறைச்சிருங்க. அவ்வளவுதான்," என்றார்.

திரும்பி வரும்போது வண்டியில் அவர் விரலை நீட்டி நுனியையும் ரேகையையும் பார்த்துக்கொண்டே வந்தார். "ஒரு இஞ்ச்கூட இல்ல மொதலாளி," என்றார் ஒருதடவை.

அவர் ஒழுங்காகப் பூசினார். அளவு என்று ஒன்று கையில் கிடைத்துவிட்டால் அவரை மிஞ்ச ஆளில்லை. கல்யாணத்துக்கு அவர்கள் வந்தபோது எரிச்சல் அடங்கி, விரல் வெடிப்பு மூடியிருந்தது. ஆனால் சிவப்பு இருந்தது, செதிலும் இருந்தது. மறைக்கலாம் என்று நான் சொன்னேன். சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கியிருந்தார், புறங்கையில் இருந்ததை மறைக்கவில்லை.

மகள், மாப்பிள்ளை, சம்பந்தியம்மா, குழந்தை. நான் நாற்காலி போடச் சொல்லி, டீ வரவழைத்து, என் மாடியைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னேன். சம்பந்தியம்மா மாஸ்டரின் புறங்கையைப் பார்த்துவிட்டுக் குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

"கை இன்னும் ஆறலை போலருக்கே அண்ணா."

"ஆற நாளாகும். டாக்டர் ஒட்டாதுன்னு சொல்லிட்டாங்கம்மா," என்றார் மாஸ்டர். டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

மகள் எழுந்தாள். மாமியார் மடியிலிருந்து குழந்தையை எடுத்தாள். "நான் அஞ்சு வயசு வரைக்கும் இந்தக் கையிலதான் தூங்கினேன் அத்தை. எனக்கு ஒண்ணும் ஆகல," என்றாள் மெதுவாக. கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினாள். மாப்பிள்ளை டீயை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன், பேசாமல் இருக்கத் தெரிந்தவர்.

மாஸ்டர் வாங்கினார். பட்டுத்துணியைப் பிடிக்கிற மாதிரி, இறுக்காமல், நழுவவும் விடாமல். குழந்தை அவர் முகத்தைப் பார்த்தது. உதடு பிதுங்கியது. வீல் என்று கத்த ஆரம்பித்ததே, தெருவே திரும்பிப் பார்த்தது. ஆட்டிப் பார்த்தார், கத்தரியைக் காட்டினார், பட்டன் டப்பாவைக் குலுக்கினார். காஜாக்காரம்மா கைதட்டிக் கூப்பிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. குழந்தை அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டித் துடித்தது. அவரே திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மா தோளில் சாய்ந்ததும் அழுகை நின்றது. கல்யாண வீட்டில் நேரமாகிறது என்று சம்பந்தியம்மா எழுந்தார். போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் கடையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அவர் வெட்டவில்லை, மேலேயும் போகவில்லை.

"என் தோலப் பாத்து அழல மொதலாளி," என்றார்.

"இல்ல. அதுக்கு என்ன தெரியும்?"

"யாருன்னு தெரியாமத்தான் அழுதுச்சு."

எனக்குப் பேசத் தெரியாமல் போகிற இடம் அபூர்வம். தோல் ஒன்றுதான் குறுக்கே நிற்கிறது என்று நம்பிக்கொண்டு அவர் இத்தனை பாடுபட்டார். அந்தச் சுவருக்குப் பின்னால் இன்னொரு சுவர் இருந்தது. அதற்குக் களிம்பு கிடையாது.

மேஜையில் கிடந்த துணியை மடித்து வைத்துவிட்டு, "ரெண்டு நாள் லீவு வேணும்," என்றார். என் கடையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் லீவு கேட்டது பேத்தி பிறந்தபோது ஒருதடவை, இது இரண்டாவது. கல்யாண சீசன், மேஜை நிறையத் துணி. வேறு முதலாளியாக இருந்தால் சிரித்திருப்பான். நான் கொடுத்தேன். அந்த இரண்டு நாளும் கத்தரியை நானே பிடித்தேன், கை மறக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மகள் வீட்டுக்கு அவராகக் கிளம்பிப் போனார். போகும்போது பையில் இரண்டு குழாய் மருந்தும் மாற்றுச் சட்டையும்தான். இரண்டு நாள் கழித்துக் காலையில் நான் கடை திறக்கும்போது வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன மாஸ்டர், தூக்குனீங்களா?"

"தூக்குனேன்."

"அழுதுச்சா?"

"அழுதுச்சு. போன தடவ அளவுக்கு இல்ல," என்றார். "அடுத்த மாசமும் ரெண்டு நாள் வேணும்."

நான் ஷட்டரைத் தூக்கிவிட்டேன். அவர் உள்ளே போய் விளக்கைப் போட்டார்.